விண்மீன் தைத்த தொட்டிற் போர்வை

சிறு துளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆலயம் எழுந்த வரலாற்றைப் பிடியரிசிக் கலயத்திலிருந்து தொடங்கிச் சொல்லும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். அடுப்படியில் நின்ற தாய்மார் நாள்தோறும் எடுத்து வைத்த ஒரு பிடி அரிசி, காலப்போக்கில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறிக் கோபுரமாக உயர்ந்ததை நாம் அறிவோம். அதைப் போலவே, தாய்மார் சிலர் ஊசியும் நூலும் கொண்டு ஒரு பெருந்தீமையை எதிர்த்து நின்ற வரலாறு ஒன்று கடல் கடந்த அமெரிக்க நாட்டில் உண்டு. அவ்வரலாற்றின் சான்றாக இன்றளவும் நிலைத்திருப்பது ஒரு சிறு குழந்தைப் போர்வை. அதன் கதையையும், அதை நம் கைகளாலேயே மீண்டும் தைத்துப் பார்த்தபோது நாம் கற்றவற்றையும் இவ்விழா மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

போர்வையின் அமைப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில் 'ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து' என்னும் நிறுவனம் பழம்பொருட்களைப் பேணிக் காத்து வருகின்றது. அதன் சேமிப்பில் உள்ளது நாம் குறிப்பிடும் போர்வை. ஏறக்குறைய மூன்றடி அகலமும், நான்கடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உடையது. தொட்டிற் குழந்தைக்கு அளவானது.

இவ்வகைப் போர்வையை ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்பர். சிறு சிறு துணித்துண்டுகளை வடிவம் பொருந்த இணைத்து மேற்பரப்பாக்கி, அதன் கீழே பஞ்சை மெல்லியதாகப் பரப்பி, அடியில் வேறொரு துணியை இட்டு, மூன்றும் நகராதபடி நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவது இதன் முறை. குளிர்நாட்டில் கம்பளி வாங்க இயலாத வீடுகளிலும் இது இருந்தது. கிழிந்த உடையின் நல்ல பகுதியும், தைத்து மீந்த துண்டும் வீணாகாமல் இதில் இடம் பெற்றன. நம் பாட்டிமார் பழஞ்சேலையை அடுக்கி மடித்துக் குழந்தைக்கு விரிப்புத் தைத்ததை ஒத்தது இது எனலாம்.

பாஸ்டன் நகரின் தொட்டிற் போர்வையில் நிறைந்திருப்பவை எட்டு முனை கொண்ட சிறு விண்மீன்கள். இவ்வடிவத்துக்கு 'மாலை விண்மீன்' என்று பெயர். நடுவில் உள்ள விண்மீனில் மையினால் ஒரு கவிதைப் பகுதி எழுதப்பட்டிருக்கின்றது. எலைசா ஃபாலன் என்னும் பெண்மணி இயற்றியது அது. உன் குழந்தையை மார்போடு அணைக்கும் வேளையில், குழந்தையைப் பறிகொடுத்த கறுப்பினத் தாயை எண்ணிப் பார் என்பதே அதன் கருத்து. ஒவ்வோர் இரவும் குழந்தையைப் போர்த்தும் தாயின் கண்ணில் படும்படியாக அவ்வரிகள் நடுவில் வைக்கப்பட்டன. ஆண்டு 1836.

தைத்தவர் யார்?

இப்போர்வையைத் தைத்தவராகக் கருதப்படுபவர் லிடியா மரியா சைல்டு அம்மையார். 1802இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1829இல் அவர் வெளியிட்ட இல்லச் சிக்கன நூல், ஏழைக் குடும்பத் தலைவியருக்குக் கைவிளக்காக விளங்கியது. பல பதிப்புகளைக் கண்டது. துண்டுத் துணியையும் துண்டு நேரத்தையும் வீணாக்கலாகாது என்பது அந்நூலின் போதனை. சிறுவர்க்கென 1826 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தி வந்தார். எழுத்தினால் வாழ்ந்த பெண்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில் அவர் பெயர் அமெரிக்க இல்லங்களில் நன்கு அறிமுகமாகியிருந்தது.

1833ஆம் ஆண்டு அவர் அடிமை முறையை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அடிமைகள் உடனடியாக விடுவிக்கப்பட வேண்டும். நிறவேற்றுமை காட்டும் சட்டங்கள் அகல வேண்டும் என்று அதில் வாதிட்டார். விளைவு என்ன? புத்தக விற்பனை சரிந்தது. பெற்றோர் சிறுவர் பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவதை நிறுத்தினர். 1834இல் அப்பொறுப்பை அவர் கைவிட நேர்ந்தது. நகரின் புகழ்பெற்ற நூலகமொன்று அவருக்கு அளித்திருந்த சலுகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தனைக்கும் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அடிமை முறை அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒழிந்திருந்தது! எனினும் தெற்கு மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தியைக் கொண்டே வடக்கின் நூற்பாலைகள் ஓடின. அதனால் வடக்கின் செல்வர் பலர் இப்பேச்சை விரும்பவில்லை.

கலகமும் கைவேலை விற்பனையும்

1833இல் பாஸ்டன் நகரில் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். வெள்ளையரும் கறுப்பரும் அதில் ஒன்றாக அமர்ந்தனர். 1835 அக்டோபர் 21 அன்று சங்கக் கூட்டம் நடந்தபோது, ஜார்ஜ் தாம்சன் என்னும் ஆங்கிலேயப் பேச்சாளர் அங்கு வந்திருப்பார் என எண்ணிப் பெருங்கூட்டம் ஒன்று கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டது. அவரோ அங்கில்லை. நகர மேயர் வந்து பெண்களைக் கலைந்து செல்லுமாறு வேண்டினார். அவர்கள் அஞ்சி ஓடவில்லை. இருவர் இருவராகக் கைகோத்து, கறுப்பினச் சகோதரியரை நடுவில் காத்து, கூச்சலிட்ட கூட்டத்தின் ஊடே நடந்து சென்று வேறோர் இல்லத்தில் கூட்டத்தைத் தொடர்ந்தனர். 'லிபரேட்டர்' இதழாசிரியர் வில்லியம் லாயிட் கேரிசன் அன்று கும்பலிடம் சிக்கிக் கயிறு கட்டி இழுக்கப்பட்டார். உயிரைக் காக்க அவரைச் சிறையில் வைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய சூழலில் இயக்கத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? வாக்குரிமையோ, மணமானபின் தம் பெயரில் சொத்துரிமையோ அன்றைய பெண்களுக்கு இல்லை. அவர்களிடம் இருந்தது கைத்திறன் ஒன்றே. 1834 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாட்களை ஒட்டி அவர்கள் கைவேலைப் பொருட்களின் விற்பனை விழா நடத்தினர். மரியா வெஸ்டன் சாப்மன் அம்மையார் இதற்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். பேனா துடைக்கும் துணி, ஊசியுறை, குழந்தைச் சட்டை, பை எனப் பலவும் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம். பேனா துடைப்பான் அடிமை முறையென்னும் கறையைத் துடைக்கச் சொன்னது. ஊசியுறையோ, தன் ஊசிகள் அடிமை எஜமானரின் மனச்சான்றைக் குத்துவதாக என்றது! 1836 டிசம்பர் விழாவில் நம் தொட்டிற் போர்வை விற்கப்பட்டது. 1837 ஜனவரி 2ஆம் நாள் 'லிபரேட்டர்' இதழ் அதனைக் குறிப்பிட்டு எழுதியது.

ஊசி முனையில் நாம் கற்றவை

இவ்வரலாற்றைப் படித்ததோடு நில்லாமல், அதே அளவில் ஒரு போர்வையைக் கையாலேயே தைத்துப் பார்க்க நம் தையல் வகுப்புத் தாய்மார் முன்வந்தனர். தையல் இயந்திரம் பரவலாகும் முன்னர்ச் செய்த வேலையாதலின், இயந்திரத்தை நாம் தொடவில்லை. தைக்க விரும்புவோர்க்குப் பயன்படும் பொருட்டு முறையை ஈண்டுத் தருகின்றோம்.

ஐந்து அங்குலச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு விண்மீன். அகலத்தில் ஏழு, நீளத்தில் ஒன்பது. ஆக 63 விண்மீன்கள். இவ்வாறு அமைத்தால் 35 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் கிடைக்கும். இரண்டும் ஒற்றைப்படை எண்ணாதலால் நட்டநடுவில் ஒரு விண்மீன் வந்து நிற்கும்.

ஒரு விண்மீனுக்கு 17 துண்டுகள் தேவை. சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். நடுவே வைக்க 3 அங்குலச் சதுரம் ஒன்று. நான்கு மூலைக்கும் ஒன்றே முக்கால் அங்குலச் சதுரங்கள் நான்கு. மூன்றே முக்கால் அங்குலச் சதுரம் ஒன்றை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் பெரிய முக்கோணம் நான்கு. இரண்டு அங்குலமும் அரைக்கால் அங்குலமும் கொண்ட சதுரங்கள் நான்கை மூலைவிட்டமாக வெட்டினால் சிறு முக்கோணம் எட்டு. இவ்வெட்டுமே விண்மீனின் எட்டு முனைகள். இவையும் நடுச்சதுரமும் ஒரே வண்ணத்தில் அமைதல் வேண்டும். மொத்தப் போர்வைக்கும் 63ஐ 17ஆல் பெருக்க, 1,071 துண்டுகள்!

பெரிய முக்கோணம் ஒன்றின் இரு பக்கமும் சிறு முக்கோணங்களைத் தைத்தால் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். இத்தகைய நான்கு நீள்சதுரம், நான்கு மூலை, ஒரு நடு என ஒன்பது பகுதிகளை மூன்று வரிசைகளாக்கி, பின்னர் வரிசைகளை இணைக்க வேண்டும். தையற் கோடு ஒரு நூலிழை உள்ளே சென்றாலும் முனை மழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் பென்சிலால் கோடிட்டு, இரு துண்டுகளின் மூலைகளையும் குண்டூசியால் ஒன்றுபடக் குத்திய பிறகே தைக்க வேண்டும். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் விழுவது நன்று. பழகிய கைக்கும் ஒரு விண்மீனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. விண்மீன்களுக்கு மட்டும் ஏறத்தாழ 126 மணி நேரம்!

பிறகு மூன்று அடுக்குகளையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பெரிய பெரிய தற்காலிகத் தையலிட்டு, அதன்மேல் நெருக்கமான ஓட்டுத் தையல் போட்டோம். விரலில் அங்குஸ்தான் இல்லாமல் மூன்றடுக்கில் ஊசி ஏற்றுவது ஆகாத காரியம். இறுதியில் நான்கு ஓரமும் பட்டி வைத்து மடித்துத் தைத்தோம்.

துணி தேர்வதிலும் கவனம் தேவை. 1830களின் அச்சுத் துணிகளில் மஞ்சிட்டி வகைச் சிவப்பும் பழுப்பும், அவுரி நீலமும் மிகுதி. சிறு பூ, சிறு புள்ளி, கோடு ஆகியவை பொருந்தும். அக்காலப் பழுப்புச் சாயத்தில் இரும்புச் சத்துக் கலந்தமையால், பழம்போர்வைகளில் பழுப்புத் துண்டுகளே முதலில் இற்று உதிர்வதைக் காணலாம். அதே காரணத்தால், துணியில் எழுத இரும்பு கலந்த பழைய வகை மையைத் தவிர்த்து, அமிலமற்ற நிலையான மையையே நாம் கொண்டோம்.

பஞ்சு பறித்தவர் யார்?

தையல் நடந்துகொண்டிருந்தபோது, வகுப்பில் மூத்தவரான ஒரு பாட்டியம்மா கேட்ட கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. "ஏம்மா, அந்தப் போர்வைத் துணிக்குப் பஞ்சு பறிச்சுக் குடுத்தது யாரும்மா?" என்றார். பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர் கேட்ட கேள்வி அது.

விடை கசப்பானது. அடிமைத்தனத்தை எதிர்த்துத் தைத்த போர்வைக்கும் அடிமைகள் பறித்த பஞ்சே வந்திருக்கக் கூடும். 1793இல் எலை விட்னி பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் பொறியைச் செய்தபின் தெற்கில் பருத்திச் சாகுபடி பன்மடங்கு பெருகியது. 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்தல் தடை செய்யப்பட்டதால், உள்நாட்டு விற்பனை வளர்ந்தது. 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகள் இருபது லட்சம். 1860இல் முப்பத்தொன்பது லட்சத்துக்கும் மேல். இடைப்பட்ட ஆண்டுகளில் பல லட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி நிலங்களுக்கு விற்கப்பட்டனர். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம் எனக் குடும்பங்கள் சிதறின. போர்வையில் எழுதிய கவிதை கற்பனையன்று, அன்றாட நிகழ்ச்சி.

இம்முரண்பாட்டை அன்றைய ஒழிப்பியக்கத்தாரும் உணர்ந்தே இருந்தனர். அடிமை உழைப்பில் விளைந்த பஞ்சையும் சர்க்கரையையும் வாங்குவதில்லை என உறுதி பூண்டவர் பலர். 1827இல் பிலடெல்பியா நகரில் இதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. சைல்டு அம்மையாரின் கணவர் டேவிட் சைல்டு, கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாகச் சர்க்கரைக் கிழங்கு பயிரிட்டுப் பார்த்தார். பொருள் இழப்பே மிஞ்சியது.

நம் மண்ணோடு ஓர் இழை

இக்கதையின் ஓர் இழை நம் நாட்டையும் தொட்டுச் செல்கின்றது. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பேற்றி எழுதிய பூத்துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெருவிருப்போடு வாங்கப்பட்டன. நாம் 'சீட்டி' என்பதை ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' என்பர். தம் நெசவாளர் வாழ்வு கெடுமென்று அஞ்சி, பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் இத்துணிகளைத் தடுக்கச் சட்டம் இயற்றின. பின்னர் அவர்களே இயந்திரத்தில் அச்சிடக் கற்றனர். 1830களில் அமெரிக்கத் தாய்மார் கத்தரித்த பூத்துணிகள் அவ்வழி வந்தவை.

பாஸ்டன் கும்பல் தேடிய ஜார்ஜ் தாம்சன், 1839இல் இலண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தில் முன்னின்றவர். இந்தியாவில் சுதந்திர உழைப்பாளர் விளைவிக்கும் பருத்தியை வாங்கினால், அமெரிக்க அடிமைப் பருத்தியின் ஆதிக்கம் குறையும் என்பது அச்சங்கத்தாரின் எண்ணம். அவர் 1843இல் கல்கத்தாவுக்கும் வந்திருந்தார். இதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் பருத்தியைப் பெருக்க முனைந்தனர். ஆனால், பயிர் முறை கற்பிக்க அவர்கள் 1840இல் அழைத்து வந்ததோ அமெரிக்கத் தெற்கின் பருத்திப் பண்ணையாளரை! அவர்களுள் சிலர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் அமெரிக்கப் பருத்தி பயிரிட்டுப் பார்த்தனர். தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் 1842 முதல் கோயம்புத்தூரில் இம்முயற்சியை மேற்பார்த்தார். 1853இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நம் கரிசல் நிலத்து விவசாயி, தன் நிலத்துக்கும் மழைக்கும் ஏற்ற நாட்டுப் பருத்தியையே நம்பினான்.

பரணில் இருந்த தாய்

போர்வை விற்பனையான 1836 டிசம்பரில், வட கரோலினா மாநிலத்தின் ஈடென்டன் ஊரில் ஓர் இளந்தாய் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒளிந்திருந்தார். பெயர் ஹாரியட் ஜேக்கப்ஸ். எஜமானனின் கொடுமைக்குத் தப்பி 1835இல் அங்கே புகுந்தவர். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயர்ந்த இடத்தில் மூன்றடி உயரம். நிமிர்ந்து நிற்க வழியில்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கேயே கழித்தார். துளையிடும் கருவியால் பலகையில் சிறு துவாரமிட்டு, கீழே விளையாடும் தம் இரு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் அங்கிருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல இயலாது. அந்த இருளிலும் கிறிஸ்துமஸ் வந்தபோது அவர்களுக்கு உடை தைத்து வைத்தார். 1842இல் வடக்கே தப்பினார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் வாழ்க்கையை எழுதியபோது, அதைப் பதிப்பித்துக் கொடுத்தவர் வேறு யாருமல்லர். நம் சைல்டு அம்மையாரே. 1861இல் நூல் வெளிவந்தது. அது சைல்டு அம்மையாரின் கற்பனை என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். பேராசிரியர் ஜீன் ஃபேகன் யெல்லின் கடிதங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, 1987இல் வெளியிட்ட பதிப்பில் அது ஹாரியட் ஜேக்கப்ஸ் தம் கையால் எழுதிய உண்மை வரலாறு என நிலைநாட்டினார். போர்வை எந்தத் தாயை எண்ணிப் பார்க்கச் சொன்னதோ, அந்தத் தாய் தாமே பேசிய நூல் அது.

நாமும் எண்ண வேண்டியவை

இதைப் பிறர் பாவமென்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. 1838ஆம் ஆண்டு மேரிலாந்தில் இயேசு சபைக் குருக்கள், தம் பண்ணைகளில் இருந்த 272 ஆண், பெண், குழந்தைகளை லூசியானாவுக்கு விற்றனர். தொகையில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. விற்கப்பட்டவர்கள் நம்மைப் போலவே திருமுழுக்குப் பெற்றவர்கள். மறு ஆண்டு, 1839 டிசம்பர் 3 அன்று, திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். 2017இல் இயேசு சபையாரும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள்முன் மன்னிப்பு வேண்டினர்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தது. அதைக் கண்ணாரக் கண்ட சைல்டு அம்மையார் 1880இல் மறைந்தார். நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்தபின்னும் செங்கற் சூளையிலும் கல் குவாரியிலும் முன்பணத்துக்காகக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகளை நாம் படித்தே வருகின்றோம். பாட்டியம்மா கேட்ட கேள்வியை நாம் உடுத்தும் துணிக்கும், வீடு கட்டும் செங்கல்லுக்கும் கேட்பது நம் கடமையன்றோ?

சைல்டு அம்மையாருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆயினும் பிறர் தொட்டிலுக்காக அவர் அமர்ந்து தைத்தார். அந்தச் சிறு போர்வை அடிமை முறையை ஒழித்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அது ஒரு விழாவில் சிறு தொகை ஈட்டியது. ஒரு வீட்டில் ஒரு தாயை நாள்தோறும் நினைக்கச் செய்தது. அத்தகைய ஆயிரம் கைவேலைகளின் பணத்தில் பத்திரிகைகள் அச்சாயின. பேச்சாளர்கள் ஊர் ஊராகச் சென்றனர்.

நம் தாய்மார் தைத்த போர்வை, ஜூபிலி விழாக் கைவேலை விற்பனையில் வைக்கப்படும். கிடைக்கும் தொகை, வேலைத்தலங்களிலிருந்து மீண்டு பள்ளி சேரும் சிறார்க்குப் புத்தகமும் உடையும் வாங்கச் செல்லும். நடு விண்மீனில் கவிதைக்குப் பதிலாக ஹாரியட் ஜேக்கப்ஸின் பிள்ளைகளுடைய பெயர்களைத் தமிழில் எழுதியுள்ளோம்: ஜோசப், லூயிசா. வாங்கிச் செல்லும் அன்பர், தம் குழந்தையைப் போர்த்தும்போது அவ்விரு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கின்றோம்.